கை விடவில்லை, தோள்தான் விட்டது

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, பல வருஷமாகத் தள்ளிப் போட்டேன். சோம்பல் காரணமில்லை. பயம்தான். எழுதப் போய் எங்கள் ஊர் அம்மனைக் குறை சொன்னது போல ஆகிவிடுமோ என்ற பயம். வெள்ளிக்கிழமை அவளுக்கு விளக்கு வைக்காமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை. படிப்பு அஞ்சாவதோடு சரி. ஒரு வார்த்தை பிசகி விழுந்தால் பெற்றவளைப் பழித்த பாவம் வந்துவிடும் என்று, எடுத்த பேனாவை எத்தனையோ தடவை கீழே வைத்திருக்கிறேன்.

போன மாசம் ஜமுனாமரத்தூர் சந்தையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில், முன்பின் தெரியாத ஒரு ஆள் நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நெல்லிவாசல் பக்கம் ஒரு ஊருப்பா. அம்மனுக்குச் சாமை குத்துற உலக்கைய ஒரு பொம்பள வேணும்னே கீழ போட்டுட்டா. அம்மன் சும்மா வுடுவாளா? அந்தக் கைய அப்பிடியே முடக்கிட்டா. அப்பறம் அவ அழுதுகினே வந்து கால்ல வுழுந்தா. அம்மன் மன்னிச்சி, கைய திருப்பிக் குடுத்துட்டா."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் டம்ளரில் டீ ஆறிப் போயிற்று. அந்தப் பொம்பளை என் மனைவி. அவன் சொன்னதில் உலக்கை கீழே விழுந்தது ஒன்றுதான் நிஜம். மீதி அத்தனையும் மனுஷர்கள் அம்மன் வாயில் வைத்துத் திணித்தது. இதற்கு மேலும் எழுதாமல் இருந்தால்தான் அம்மனுக்குச் செய்கிற குற்றம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தை மாசம் அம்மனுக்குப் புதுச் சாமையில் பொங்கல் வைப்போம். அந்தச் சாமையை வீட்டில் குத்தி எடுத்து வரக் கூடாது. கோயில் வாசலில் இருக்கும் கல் உரலில்தான் குத்த வேண்டும். வீட்டுக்கு ஒரு சுமங்கலி தன் வீட்டுச் சாமையைக் கொண்டு வந்து உரலில் கொட்டி, தன் முறைக்குக் குத்துவாள். உலக்கை ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போகும். எல்லா வீடும் முடிகிற வரைக்கும் அது தரையைத் தொடக் கூடாது. தொட்டால் அம்மன் அந்த வீட்டுத் தானியத்தைத் தள்ளிவிட்டாள் என்று அர்த்தம். அம்மனுக்குக் குத்துகிற குத்து, வீட்டுக் குத்து மாதிரி இடுப்பளவில் நிற்காது. கை தலைக்கு மேல் நன்றாக ஏற வேண்டும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு பக்தி என்று எங்கள் பெண்கள் நினைப்பு.

உலக்கை விழுந்த வருஷம் ஐப்பசி மழையில் என் மனைவி புல்லுக்கட்டோடு ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தாள். விழும்போது வலது கையை ஊன்றினாள். தோளில் வலி என்றாள். பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டோம். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. மாடு கறந்தாள். கேழ்வரகுக் களி கிண்டினாள். புளி கரைத்தாள். ஈரப் புடவையை அவள் முறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு மிஞ்சாது. கை சரியாகிவிட்டது என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். அவளும்தான் நினைத்தாள். பரணிலிருந்து இறக்கும்போது ஒரு சட்டி கைதவறி உடைந்தது. "எண்ணெக் கை, வழுக்கிடிச்சி" என்றாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை வந்தது. கோயில் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். என் அண்ணன் மனைவி, என் அண்ணி, குத்தி முடித்து உலக்கையை என் மனைவியிடம் கொடுத்தாள். அண்ணிக்கு வாய் நீளம். சும்மா கொடுத்திருந்தால்தான் அதிசயம்.

"மெதுவா குத்தாதடி. அம்மனுக்குப் பசிக்குது. உன் வூட்டுக்காரன் மாதிரி காத்துகினு நிக்க மாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துக்கொண்டே உலக்கையைத் தூக்கினாள். முதல் சில குத்து நன்றாகத்தான் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை கை தலைக்கு மேல் போனது, உலக்கை மட்டும் திரும்பி வரவில்லை. விரல்கள் பூப்போலப் பிரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உலக்கை அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்து, உருண்டு, அம்மன் படியில் இடித்து நின்றது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் புடிச்சிகினுதானே இருந்தேன்" என்றாள். இந்த வார்த்தையை வாசிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் ஊர் நாட்டாமை எனக்குப் பெரியப்பா முறை. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எதற்கும் தன்னிடம் ஒரு தீர்ப்பு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்டாத் தண்ணீரில் முக்கி அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. புழி."

அவள் பிழிந்தாள். முழங்கையை விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டு, துணி துவைக்கிற இடத்தில் பிழிகிற மாதிரியே பிழிந்தாள். தண்ணீர் கடைசிச் சொட்டு வரை இறங்கியது. நாட்டாமை துண்டை வாங்கி உதறிக் காட்டினார்.

"பாத்துக்குங்கப்பா. கையில ஒரு கொறையும் இல்ல. ஒண்ணு, இவளா வுட்டிருக்கணும். இல்ல, அம்மனே தள்ளிவுட்டிருக்கணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் இவ படியேறக் கூடாது."

"பெரிப்பா, அவ ஐப்பசில வுழுந்தவ..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வுழுந்த கையாலதான் இப்ப என் துண்ட கிழிக்கிற மாதிரி புழிஞ்சாளா?"

அடுத்த தை வரைக்கும் அவள் கோயில் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, பொங்கல் பானை வைக்கக் கூடாது, அவள் கைப்பட்ட எண்ணெயை விளக்குக்கு ஊற்றக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படியைக் கூட்டிக் கோலம் போட்டவள் அவள். எங்களுக்குப் பிள்ளை தங்காமல் போன வருஷங்களில்கூட ஒரு வெள்ளி விட்டதில்லை. அவளைப் பார்த்து "வேணும்னே வுட்டியா" என்று கேட்டார்கள். ஒரு துண்டைப் பிழிய வைத்து ஒரு பெண்ணின் பக்தியை அளந்துவிட்டார்கள்.

அவளை ஆலங்காயம் டாக்டரிடம் கூட்டிப் போனேன். காட்டுப்பாதையில் நடந்து, ரோட்டில் பஸ் பிடித்துப் போக வேண்டும். டாக்டர் நல்லவர். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, தன் ரெண்டு விரலை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்த பிடியில் முகத்தைச் சுளித்துச் சிரித்தார். "போதும்மா, நான் இன்னும் நெறைய பேருக்கு ஊசி போடணும்" என்றார். கையில் கோளாறு இல்லை என்று சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. "கையில புடிப்பு வுட்டுப்போச்சிங்க" என்றுதான் நாங்கள் சொன்னோம். அவரும் கையைப் பார்த்தார்.

திரும்ப பஸ் ஏறினோம். டாக்டரும் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, அம்மன்தான் தன்னைத் தள்ளிவிட்டாள் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் நின்றுகொண்டு வந்தோம். அவள் தலைக்கு மேல் ஓடும் கம்பியைப் பிடித்திருந்தாள். முதல் வளைவில் பஸ் சாய்ந்தது. அவள் கை கம்பியிலிருந்து தானாகக் கழன்றது. என்மேல் வந்து விழுந்தாள். பிறகு சீட்டுக்குப் பின்னால், இடுப்பளவில் இருக்கும் கம்பியை அதே கையால் பிடித்தாள். அடுத்த வளைவும் அதற்கடுத்த வளைவும் இன்னும் மோசம். அவள் அசையவில்லை. கல்லில் நட்டது போல நின்றாள்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"மேல் கம்பிய ஏன் வுட்ட?"

"நான் எங்க வுட்டேன்? புடிச்சிகினுதான் இருந்தேன்."

கோயில் வாசலில் சொன்ன அதே வார்த்தை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரம் நிறுத்தி, என் கட்டைவிரலை நீட்டினேன். முழங்கையை உடம்போடு வைத்துப் பிடிக்கச் சொன்னேன். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். கையை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பிடி இருந்தது, ஆனால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, என் விரலை அங்கே கொடுத்தேன். "நல்லாப் புடி" என்றேன். "நல்லாத்தான் புடிக்கிறேன்" என்றாள். ஒரு கைக்குழந்தை விரலைப் பிடிக்குமே, அந்த அளவுகூட இல்லை. என் விரலை நான் வெறுமனே எடுத்துக்கொண்டேன். எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. கையை இன்னும் மூடிக்கொண்டே நின்றாள். கையை இறக்கிப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை.

அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான் வுடல. அப்ப நான் வுடல இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அவ்வளவு சந்தோஷமாக ஒரு அழுகையைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுபடியும் அதே டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை தோளைச் சொன்னோம். கையைத் தூக்க வைத்து, தோள்பட்டையை அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். விரலை மூடுகிற சதை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யத் தோள் அசையாமல் நின்று கொடுக்க வேண்டும். கையை எந்த நிலையில் வைக்கிறோமோ அதைப் பொறுத்து எல்லாருக்குமே பிடி கூடும், குறையும். நல்ல தோளாக இருந்தால் தலைக்கு மேல் தூக்கினாலும் பிடி நிற்கும். சிலருக்கு இறுகக்கூடச் செய்யும். இவள் தோளுக்குள்ளே நார் கிழிந்திருக்கிறது. தூக்கினால் தோள் தாங்காது. தோள் தாங்காதபோது விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. "நானும் அன்னிக்கு ஒக்கார வச்சிப் பாத்துட்டு அனுப்பிட்டேன். தூக்கிப் பாத்திருக்கணும்" என்றார். அவ்வளவு படித்தவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

மாசி கடைசியில் நாட்டாமையிடம் போய் ஊரைக் கூட்டச் சொன்னேன். எல்லைக் கல்லுக்கு வெளியே புளியமரத்தடியில் கூடினார்கள். நாட்டாமையின் துண்டையே கேட்டு வாங்கினேன். என் மனைவி அதன் ஒரு முனையை இடுப்பளவில் பிடித்துக்கொண்டாள். "யாராவது இழுங்க" என்றேன். அண்ணிதான் வந்தாள்.

"நான் இழுக்கறேன். இவ நடிக்கிறாளான்னு எனக்குத் தெரியாதா?"

இழுத்தாள். துண்டு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். கால் சறுக்கி மண்ணில் உட்கார்ந்தாள். "அண்ணி, அம்மனுக்குப் பசிக்குது, சீக்கிரம் எழுந்திரு" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. அடுத்து என் மனைவி கையைத் தலைக்கு மேல் தூக்கித் துண்டைப் பிடித்தாள். அண்ணி ரெண்டு விரலால் இழுத்தாள். வந்துவிட்டது.

நாட்டாமை அசையவில்லை. "இப்ப வேணும்னே வுட்டா. இது இன்னா பெரிய வித்தையா?"

கண்ணால் பார்த்த பிறகும் இப்படிச் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது? ஆனால் அண்ணி சும்மா இருக்கவில்லை. அவளுக்கு ஏதோ பட்டிருக்கிறது. என் மனைவியின் பின்னால் போய் நின்று, ரவிக்கை மேலாகத் தோள்பட்டையில் கையை வைத்தாள்.

"இன்னொரு தபா தூக்குடி."

தூக்கினாள். அண்ணியின் முகம் மாறியது. கையை எடுக்காமலே நாட்டாமையைப் பார்த்தாள்.

"மாமா, உள்ள வெடவெடன்னு நடுங்குது. எலும்பு மேல ஏதோ ஏறி எறங்குது. மொதல்ல தோளு ஆடுது, அப்பறம்தான் வெரலு வுடுது. இது நடிக்கிறது இல்ல. நீ வேணும்னா வந்து தொட்டுப் பாரு."

"நான் எப்பிடிம்மா தொட்றது?"

"அப்ப நான் தொட்டதை நம்பு. என் வாயி ஆயிரம் பேசும். என் கையி பொய் சொல்லாது."

காலமெல்லாம் எங்களைக் குத்திக் காட்டியே பேசின அண்ணி அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தைக்காக அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

நாட்டாமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"சரிப்பா. அம்மன் மன்னிச்சிட்டான்னு வச்சிக்கலாம். ஒரு தேங்கா ஒடைச்சி, தப்ப மன்னிச்சிடுங்கன்னு ஊர் பெரியவங்க கால்ல வுழுந்து எழுந்திரிக்கட்டும். இன்னிக்கே படியேறலாம்."

எந்தத் தப்பு? தோள் கிழிந்தது தப்பா? கிழிந்த தோளோடு அம்மனுக்கென்று கையை மற்றவர்களைவிட உயரத் தூக்கினது தப்பா? தப்பே இல்லாத இடத்தில் மன்னிப்பு எங்கிருந்து வந்தது? அம்மன் எப்போது இவரிடம் வந்து சொன்னாள்? நான் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள். அவள் ஊர் நடுவில் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, நல்ல நாளு வந்தா ஒங்க கால்ல நானே வந்து வுழுவேன். ஆசீர்வாதம் கேட்டு வுழுவேன். மன்னிப்புக் கேட்டு வுழ மாட்டேன். நான் வுடல."

"அப்ப அடுத்த தை வரைக்கும் வெளியதான் நிக்கணும்."

"நிக்கறேன்."

நின்றாள். நாட்டாமைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தேங்காய்தான் இருந்தது. அவள் அதை உடைக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க, மழையோ பனியோ, வெள்ளிக்கிழமை எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். படிக்கு அண்ணிதான் கோலம் போட்டாள். "நான் போட்ற கோலம் அம்மனுக்கே புடிக்கல, உன்ன சீக்கிரம் வரச் சொல்றா" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவளோடு வெளியே நின்றேன். அவள் என்னைத் திட்டி உள்ளே அனுப்பினாள். "நீயும் வெளிய நின்னா நாம கோவிச்சிகினு நிக்கற மாதிரி ஆய்டும். எனக்கு அவகிட்ட கோவம் இல்ல."

எனக்குக் கோபம் இருந்தது. அம்மன்மேல் இல்லை. அவள் பெயரைச் சொல்லித் தங்கள் பேச்சை நிலைநாட்டிக்கொண்ட ஆட்கள்மேல்.

அடுத்த தை வந்தது. விலக்கு முடிந்தது. என் மனைவி சாமையோடு எங்கள் வீட்டுத் திருகைக் கல்லையும் தூக்கி வரும்படி என்னிடம் சொன்னாள். முன்னால் நின்ற பெண்கள் உரலில் குத்தி முடித்து, உலக்கை அவள் முறைக்கு வந்தபோது, அண்ணி அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். தரையில் விடவில்லை. என் மனைவி உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருகையின் பிடியை வலது கையால் பிடித்து, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, எங்கள் வீட்டுச் சாமையைச் சுற்றி உமி நீக்கினாள். இப்படிச் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்யக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நாட்டாமை இந்த வருஷம் மாம்பூ எப்படி என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும், அண்ணி உலக்கையை அடுத்த பெண்ணிடம் கொடுத்தாள். பொங்கல் பொங்கியது. அம்மன் சாப்பிட்டாள்.

அன்றைக்கு அவள் அம்மன் காலில் விழுந்தாள். வேறு யார் காலிலும் விழவில்லை. யாரும் மன்னிக்கவும் இல்லை.

ஆனால் நாட்டாமை பிற்பாடு வெளியூரில் இதைச் சொன்னபோது அவர் வழியில் சொல்லியிருக்கிறார். அது ஊர் ஊராகப் போய்ச் சந்தை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அதில் அம்மன் கையை முடக்குகிறாள், பிறகு கொடுக்கிறாள். என் தாய் அப்படி ஒரு பெண்ணின் தோளை ஒடிப்பவளா? இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் அவளைக் கும்பிடவில்லை, பழிக்கிறார்கள். என் மனைவியின் தோள் இன்றைக்கும் சரியாகவில்லை. பரணில் இருப்பதை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். கொடியில் துணி போடுவதும் நான்தான். கீழே வைத்துச் செய்கிற எந்த வேலையிலும் அவள் பிடியை என்னால் பிரிக்க முடியாது.

இதை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணி வுழுந்தத ஏன் எழுதின, பாவம்" என்றாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். "வாணாம். ஒண்ண எடுத்தா இன்னொண்ணு சேந்துடும்" என்றாள்.

அதனால் வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், எங்கேயாவது ஒரு பெண் கையில் இருந்ததைத் தவறவிட்டு, "நான் புடிச்சிகினுதான் இருந்தேன்" என்று சொன்னால், இதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். உலக்கை விழுந்தது, தோள் கிழிந்திருந்தது, அண்ணி தொட்டுப் பார்த்தாள், அவள் ஒரு வருஷம் வெளியே நின்றாள், உட்கார்ந்து திருகையைச் சுற்றினாள். இவ்வளவுதான் நடந்தது. அம்மன் மன்னித்தாள் என்று மட்டும் கடைசியில் சேர்த்துவிடாதீர்கள். மன்னிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.